முகாமில் பிறந்த மாணவியின் குடியுரிமை: பதினெட்டு வயதுக்குள் என்ன செய்யலாம்?

கேள்வி (மேலூர் ஆசிரியர்):
மேலூர்ப் பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சேர்க்கை, பாடநூல் எதிலும் அவளுக்குக் குறை வைக்கப்படவில்லை. ஆனால் உதவித்தொகைப் படிவத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டம் வந்தபோது, அவள் மேசைமீது எடுத்து வைத்தது ஓரம் பிரிந்த, லேமினேட் செய்த முகாம் அட்டை ஒன்றைத்தான். தாயார் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். தந்தை 1990-இல் படகில் வந்தவர். இவள் பிறந்தது மதுரைப் பெரியாஸ்பத்திரியில். அப்படியிருக்க, இவள் எப்படி அயல்நாட்டவள் ஆகிறாள்?

பதில் 1 (வழக்கறிஞர், மதுரை):
முதலில் தாயாரின் நிலையைப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, 1.7.1987-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருப்பினும், பொதுவாகப் பிறப்பால் இந்தியக் குடிமகனே. மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு நமது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

மகளுக்கு வரும்போதுதான் சட்டம் கடுமையாகிறது. 3.12.2004-இலிருந்து பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கவும் கூடாது. உரிய ஆவணமின்றிப் படகில் வந்த தந்தையை அந்த வரையறைக்குள் அடைத்துவிடுகிறார்கள். 9.1.2015-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு 2025-இல் மத்திய அரசு அளித்த விலக்கு, ஆவணமில்லாமைக்கான தண்டனையிலிருந்து காக்கிறதே ஒழிய, குடியுரிமை தருவதில்லை. தகப்பன் வந்த வழிக்குப் பிள்ளையைப் பொறுப்பாக்குவது என் பார்வையில் நியாயமே இல்லை. எந்தக் குழந்தைக்கும் ஒரு நாட்டுரிமை வேண்டும் என்னும் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றிருக்கிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், வயது வராத எவரையும் 5(4)-ஆம் பிரிவின் கீழ்க் குடிமகனாகப் பதிவு செய்யலாம். அது அரசின் விருப்புரிமை, கேட்டதும் கிடைத்துவிடாது. எனினும் அந்தக் கதவு பதினெட்டு வயதோடு மூடிவிடும்.

பதில் 2 (முகாம்வாசி, ஆனையூர்):
எல்லோரும் இந்தியக் குடியுரிமையையே வேண்டுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்கள், சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிவு செய்கின்றன. அதையும் செய்யாமல் விட்டால், பிள்ளை இரண்டு நாட்டின் ஏட்டிலும் இல்லாமல் போகும்.

பதில் 3 (வழக்கறிஞர், மதுரை):
ஐயா சொல்வது சரி. ஆனால் இலங்கைப் பதிவு இந்திய விண்ணப்பத்தைப் பலவீனப்படுத்தக்கூடும் என்பதால், எந்த வழி என்பதை அந்தப் பிள்ளையிடமும் கேட்டு முடிவு செய்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மாணவியின் பிறப்புச் சான்று இருக்கிறது; தாயாருடையது இல்லை. மண்டபத்தில் பதிவே ஆகவில்லையாம்.

பதில் 4 (வழக்கறிஞர், மதுரை):
ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்புப் பதிவுக்குக் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். பிறந்த இடம் ராமநாதபுரம் மாவட்டம் என்பதால் மனுவும் அங்கேதான் போக வேண்டும். முகாமின் பழைய பதிவேட்டு நகலை இணைத்துக்கொள்ளுங்கள்; தாயாரின் மனுவை முதலில் அனுப்புங்கள்.