1941-ல் கேப்டன் மார்வெல் எப்படிப் பறந்தார்?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை என் ஒன்பது வயது மகனோடு உட்கார்ந்து ‘அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கேப்டன் மார்வெல்’ பார்த்தேன். ரிபப்ளிக் நிறுவனம் 1941-ல் எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடர்படம், மொத்தம் 12 பகுதிகள். அந்தக் காலத்தில் அமெரிக்கத் தியேட்டர்களில் வாரம் ஒரு பகுதியாக ஓட்டியது. பில்லி என்ற பையன் ‘ஷஸாம்’ என்று சொல்வான், புகை கிளம்பும், புகை விலகினால் அங்கே கேப்டன் மார்வெலாக நடித்த டாம் டைலர் நிற்பார். அதுவரை சரி. அப்புறம் ஆள் நிஜமாகவே பறக்கிறார்! வெயில் அசல், வானம் அசல். “கம்ப்யூட்டரே இல்லாத காலமாச்சே, எப்படிப்பா?” என்று மகன் கேட்கிறான். நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டேன், கயிறு ஒன்றும் கண்ணில் படவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:
இடுப்பில் பெல்ட் போட்டுக் கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள். நம் புராணப் படங்களில் நாரதர் வருவாரே, அதே வேலைதான்.

பழையரீல்:
இல்லை நண்பரே, கம்பியில் போனது ஆளே இல்லை. அது பொம்மை.

மழைக்குருவி, உங்கள் மகனுக்கு இதை நிதானமாகச் சொல்லுங்கள். ஹோவர்ட் லைடெக்கர், தியோடர் லைடெக்கர் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். ரிபப்ளிக்கின் தந்திரக் காட்சிகளெல்லாம் இவர்கள் கைவேலைதான். காகிதக் கூழில் ஆளைவிடப் பெரியதாக, சுமார் 7 அடியில் ஒரு பொம்மை செய்தார்கள். எடை 7 கிலோதான். மெல்லிய பட்டிலும் பருத்தியிலும் உடை. இரண்டு தோளிலும் இரண்டு கெண்டைக்காலிலும் சின்னச் சின்னக் கப்பிகள். இரண்டு மெல்லிய கம்பிகளைச் சரிவாக இழுத்துக் கட்டி, அதன் மேல் பொம்மையைச் சறுக்க விட்டார்கள். மோட்டார் எதுவும் கிடையாது, சரிவு மட்டும்தான். ஸ்டுடியோவுக்குள் எடுக்காமல் வெட்டவெளியில் சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள். உங்கள் கண்ணுக்கு வெயில் அசலாகத் தெரிந்தது அதனால்தான், அது அசலேதான்.

பொம்மை மட்டும் போதாது. கிளம்பும்போது துள்ளுவதும் வந்து இறங்கும்போது குதிப்பதும் டேவ் ஷார்ப், டைலருக்கு டூப் போட்டவர். அந்த மனிதர் குதிப்பதைத் தனியாக ஒருமுறை பாருங்கள், உடம்பில் எலும்பே இல்லாதது போல இருக்கும். ஷார்ப் துள்ளுகிறார், வெட்டு, பொம்மை போகிறது, வெட்டு, ஷார்ப் குதிக்கிறார், நிமிர்ந்து நிற்பது டைலர். மூன்றையும் ஒட்டித் தைத்துக்கொண்டது நம் கண்.

நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன கோடை விடுமுறையில் தங்கை மகள் வந்திருந்தபோது மொட்டை மாடியில் இதைச் செய்து பார்த்தோம். பழைய செய்தித்தாள், மைதாப் பசை, இரண்டடிப் பொம்மை. கப்பிக்குத் தையல் மெஷின் பாபின். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை தூண்டில் நரம்பு. முதலில் சோம்பல்பட்டு ஒரே நரம்பில் விட்டோம். பாதி வழியில் பொம்மை பக்கவாட்டில் கவிழ்ந்து, வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது நரம்பைக் கட்டியதும் வழுக்கிக்கொண்டு நேராகப் போயிற்று. தோளுக்கு இரண்டு, காலுக்கு இரண்டு என்று ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மேலே ஏறும் காட்சிக்கு இன்னொரு வழி. பொம்மையைக் கால் முன்னால் வரும்படி மேலிருந்து கீழே விட்டுப் படம் பிடித்து, பிறகு பிலிமைப் பின்னோக்கி ஓட்டுவது. இதில் காட்டிக்கொடுப்பது தோளில் தொங்கும் துணிதான். பின்னால் வரும்போது காற்று அதைத் தலைப் பக்கம் தூக்கிவிடும். அதனால் துணிக்கு எடை வைத்தார்கள். நாங்கள் மீன்வலை ஈயக்குண்டு நான்கை ஓரத்தில் வைத்துத் தைத்தோம். போனில் எடுத்து ரிவர்ஸில் ஓட்டியபோது அந்தப் பெண் கத்திய கத்தலில் கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்துவிட்டார்!

கடைசிவரிசை:
என் ஊகம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். 1948-ல் கொலம்பியா எடுத்த சூப்பர்மேன் தொடரைப் பார்த்தேன். ஏழு வருடம் கழித்து வந்தது, அதில் பறக்கும்போது கார்ட்டூன் ஆகிவிடுகிறாரே?

பழையரீல்:
ஆமாம், எனக்கு மனசு வலிக்கும் இடம் அது. சூப்பர்மேனாக நடித்த கிர்க் அலினைக் கம்பியில் தொங்கவிட்டுத்தான் முதலில் எடுத்தார்கள். கம்பி திரையில் தெரிந்துவிட்டது. உடனே அதைக் கைவிட்டு வரைந்த உருவத்தைப் பறக்கவிட்டார்கள். அது ஒரு பாறைக்கோ காருக்கோ பின்னால் இறங்கும், அங்கிருந்து அலின் வெளியே வருவார். அலின் நல்ல நடிகர், உடம்பும் கம்பீரம். ஆனால் தரையை விட்டதும் அவருடைய கனம் காணாமல் போய்விடுகிறது. 1950-ல் வந்த இரண்டாவது தொடரில் கொஞ்சம் தேறினார்கள். அலினைக் கையைத் தூக்கி நிற்கவைத்து, கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து, மின்விசிறியும் புகையும் வைத்து முகத்தருகே எடுத்தார்கள்.

சூப்பர்மேனையே படமாக்க முதலில் ஆசைப்பட்டது ரிபப்ளிக்தான். பாரமவுண்ட் அனுமதி வாங்கி ஃபிளைஷர் ஸ்டுடியோவில் கார்ட்டூன் எடுக்கப் போய்விட்டதால் கிடைக்கவில்லை. பிறகுதான் ஃபாசெட் பதிப்பகத்தின் கேப்டன் மார்வெலிடம் போனார்கள். அவர் சூப்பர்மேனின் நகல் என்று சூப்பர்மேன் காமிக்ஸின் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். ரிபப்ளிக்கையும் அதில் இழுத்தார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 1953-ல் ஃபாசெட் அந்தக் காமிக்ஸையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஃபிளைஷர் கார்ட்டூன்களை நான் குறை சொல்லவே மாட்டேன், ஒவ்வொரு ஃபிரேமும் அழகு. அங்கே உலகம் முழுவதும் வரைந்தது, அதனால் வரைந்த மனிதன் பறந்தால் பொருந்துகிறது. 1948-ல் உலகம் நிஜம், மனிதன் மட்டும் கோடு.

மழைக்குருவி:
ரொம்ப நன்றி பழையரீல். நேற்று இரவு மறுபடி போட்டுப் பார்த்தோம். மூன்றாவது தடவை நிறுத்தியதும் மகன் திரையில் விரலை வைத்து, “அப்பா, பறக்கும்போது அவர் விரல் அசையவே இல்லை” என்றான். நீங்கள் சொன்னதை நான் அவனிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இப்போது பழைய நாளிதழ் கேட்டு உயிரை எடுக்கிறான். நரம்பு எவ்வளவு நீளம் வேண்டும்? எப்போது எடுத்தால் நல்லது?

பழையரீல்:
பையன் கண்ணுக்குச் சுற்றிப் போடுங்கள்! இருபது அடி போதும். மேல் முனை கீழ் முனையைவிட மூன்றடி உயரமாக இருக்கட்டும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், நரம்பு மின்னிக் காட்டிக்கொடுக்கும். மாலை நான்கரைக்கு மேல், போனைத் தரையோடு தரையாக வைத்து, பின்னால் வானம் மட்டும் தெரிகிற மாதிரி எடுங்கள். கீழ் முனையில் ஒரு தலையணை கட்டிவிடுங்கள். எங்கள் பொம்மைக்கு முதல் நாளே மூக்கு போயிற்று.