நீலத்திரை விழுந்தால் அது ஓட்டையா?

நிரலன்:
"ரஸ்டில் எழுதியும் விண்டோஸ் கர்னலில் ஓட்டை, ரஸ்ட் மானம் கப்பலேறியது" என்று நேற்று செல்வம் போட்டதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ரஸ்ட் என்பது நினைவகத் தவறுகளைத் தடுக்கும் நிரல் மொழி, கர்னல் என்பது விண்டோஸின் உள் மையம். நடந்தது என்ன? திரையில் படம் வரையும் விண்டோஸ் பாகமான ஜிடிஐயின் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்ட் ரஸ்டில் மாற்றி எழுதியது. செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் கோணல்மாணலான இஎம்எஃப் வகைப் படக் கோப்புகளை அதற்குள் தள்ளிப் பார்த்தார்கள். வளைகோட்டைப் பரப்பாக மாற்றும் இடத்தில் நிரல் அரேயின், அதாவது மதிப்புகளை வரிசையாக வைக்கும் இடத்தின், எல்லைக்கு வெளியே கை நீட்டியது. ரஸ்ட் அதைத் தட்டி நிறுத்தியது. கர்னலுக்குள் நடந்ததால் மெஷினே நின்று நீலத்திரை வந்தது. ஒரு பைட்கூட எல்லை தாண்டவில்லை. நீலத்திரை ஓட்டை அல்ல.

செல்வம்_டிடிபி:
சரி அண்ணே, பூட்டு உடையவில்லை. வீடே இடிந்துவிட்டதே! போன ஆவணி முகூர்த்த நேரம், என் கடையில் டிஸ்ப்ளே டிரைவர் கோளாறில் மெஷின் இப்படித்தான் விழுந்தது. மூன்று மணி நேரம் செய்த கல்யாணப் பத்திரிகை போயிற்று. பெண்ணின் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் "ஒரு பைட்கூட எல்லை தாண்டவில்லை" என்று சொல்லட்டுமா?

நிரலன்:
மூன்று மணி நேரம் சேவ் பண்ணாமல் வேலை பார்த்தது யார் தம்பி? 2011இல் டியூக்கு வைரஸ் வந்ததே, வேர்டு கோப்புக்குள் ஒளித்த எழுத்துருவை வைத்துக் கர்னலுக்குள்ளேயே புகுந்தது. ஓட்டை என்றால் அது. திரும்பவும் சொல்கிறேன், நீலத்திரை ஓட்டை அல்ல.

செல்வம்_டிடிபி:
சேவ் பண்ணுவதை எனக்குக் கற்றுத்தர வேண்டாம். பதினெட்டு வருடமாகக் கடை நடத்துகிறேன்.

பென்குயின்ராஜா:
கர்னல் பேனிக் ஆவதே, அதாவது சிக்கல் வந்ததும் மொத்தமாக நின்றுவிடுவதே தப்பு. 2021இல் லினக்ஸ் கர்னலில் ரஸ்டைச் சேர்க்கும் பேட்ச் வந்தபோது, மெமரி கிடைக்காவிட்டால் பேனிக் ஆவதை ஏற்க முடியாது என்று லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். இங்கேயும் பிழையைத் திருப்பி அனுப்பி, அந்த ஒரு படத்தை மட்டும் வரையாமல் விட்டிருக்கலாம்.

நிரலன்:
வந்துவிட்டார் ராஜா. நீங்கள் சொன்ன லினக்ஸ் டிஸ்ட்ரோவைப் போட்டு இரண்டு நாள் வைஃபை இல்லாமல் கிடந்தேன், மறக்கவில்லை. லினக்ஸ் கர்னலில் மட்டும் என்ன, ரஸ்ட் நிரல் அரே எல்லையைத் தாண்டினால் அங்கேயும் பேனிக்தான்.

மலர்:
மெமரி பாதுகாப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யலாமா? நினைவகம் கெடாமல் இருப்பது ஒன்று, மெஷின் விழாமல் இருப்பது வேறு. 1996இல் விண்டோஸ் என்டி 4.0 வந்தபோது வேகத்துக்காக ஜிடிஐயைக் கர்னலுக்குள் கொண்டுபோனார்கள். அதனால்தான் ஒரு படம் தகராறு செய்தால் மொத்த மெஷினும் விழுகிறது. எனக்குக் கவலை, இதைக் கையாண்ட விதம். சாதாரணப் பயனர் உரிமையில் ஓடும் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் போதும், மெஷினைச் சாய்க்க. மைக்ரோசாஃப்ட் இதை நடுத்தரம் என்று வகைப்படுத்தி, 2025 மே 28 அன்று கேபி5058499 என்ற முன்னோட்ட அப்டேட்டில் சரிசெய்தது. ஆபீஸ் முழுக்க மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது நடுத்தரமா?

செல்வம்_டிடிபி:
அப்படிக் கேளுங்கள் மலர்! 2024 ஜூலை 19, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டில் 85 லட்சம் மெஷின் விழுந்தது. விமானங்கள் நின்றன. யாரும் எதையும் திருடவில்லை. அதுவும் ஒன்றுமில்லையா?

நிரலன்:
உதாரணம் எனக்குத்தான் சாதகம். அது சி++ மொழியில் எழுதியது. 20 மதிப்பு மட்டுமே இருந்த இடத்தில் 21ஆவதைப் படிக்கப் போய் விழுந்தது. எல்லையைச் சரிபார்க்க ஆளில்லை. இங்கே ஆள் இருந்தான், தடுத்தான்.

செல்வம்_டிடிபி:
அங்கேயும் நீலத்திரை, இங்கேயும் நீலத்திரை.

நிரலன்:
நீலத்திரை ஓட்டை அல்ல. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

மலர்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பென்குயின்ராஜா:
நிரலன், அந்த வைஃபை கார்டு எந்த மாடல் என்று அன்றைக்கே மூன்று தடவை கேட்டேன். இன்றுவரை நீங்கள் சொல்லவில்லை.