மோட்டார் போட்டால் எம்.சி.பி. விழுகிறது, 32 ஆம்ப்ஸ் போடலாமா?

தாழ்வாரம்:

வணக்கம். வீட்டில் 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார், சிங்கிள் ஃபேஸ். கொஞ்ச நாளாக மாலையில் சுவிட்ச் போட்டால் உறுமிக்கொண்டே நிற்கிறது, தண்ணீர் ஏறுவதில்லை, அப்புறம் எம்.சி.பி. (அதிகக் கரண்ட் பாய்ந்தால் தானாக அணையும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. விடியற்காலையில் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். முன்பு 10 ஆம்ப்ஸ் சி டைப் இருந்தது, ஏழெட்டு நொடியில் விழும். வயரிங் செய்பவர் வந்து 16 ஆக்கினார். இப்போது அரை நிமிஷம் வரை தாங்குகிறது, ஆனால் மோட்டாரைத் தொட முடியாத சூடு, லேசாகக் கருகல் வாடை. 32 போட்டுவிட்டால் தொல்லை இருக்காது என்கிறார். போடலாமா?

இன்னொன்று. ஃப்ரிட்ஜ் இருக்கும் பக்கம் சில இரவுகளில் மொத்தமாகக் கரண்ட் போய்விடுகிறது. அப்போது விழுவது மோட்டார் எம்.சி.பி. இல்லை, பக்கத்தில் இருக்கும் அகலமான ஒன்று. ஏற்றிவிட்டால் பல மணி நேரம் நிற்கும். ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழற்றி வைத்தால் விழுவதே இல்லை. இரண்டும் ஒரே கோளாறா?

மாடிப்படி:

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. 6 ஆம்ப்ஸ் பி டைப் இருந்த இடத்தில் 10 சி டைப் போட்டதும் சரியாகிவிட்டது. ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் அதிகம் இழுக்கும், அதைத் தாங்கும் அளவு எம்.சி.பி. வேண்டும். கேட்டவர் 20 போட்டுப் பார்க்கலாம்.

செம்புக்கம்பி:

தம்பி, 32 வேண்டாம், 20-உம் வேண்டாம். முதலில் மோட்டாரை நிறுத்தி வையுங்கள். அந்தக் கருகல் வாடை காயில் மேல் பூசிய வார்னிஷ் வேகும் வாடை. நான் மோட்டார் காயில் கட்டுபவன், அந்த வாடையோடு வரும் மோட்டார்களைத்தான் தினமும் பிரிக்கிறேன்.

மாடிப்படி சொன்னது அவர் மோட்டாருக்குச் சரி. அவருடையது சுவிட்ச் போட்ட அந்த நொடியிலேயே விழுந்திருக்கும். உங்களுடையது உறுமிவிட்டு, நேரம் எடுத்துக்கொண்டு விழுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

எம்.சி.பி.க்குள் இரண்டு பாகம் உண்டு. ஒன்று காயில், பெரிய கரண்ட் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தட்டிவிடும். பி டைப்பில் அது 3 முதல் 5 மடங்கில் தட்டும், சி டைப்பில் 5 முதல் 10 மடங்கில், டி டைப்பில் 10 முதல் 20 மடங்கில். இன்னொன்று பைமெட்டல் பட்டை, அது சூடேறி வளைந்து மெதுவாகத் தட்டும். ரொம்பவே மெதுவாக: 10 ஆம்ப்ஸ் எம்.சி.பி.யில் பதினாலரை ஆம்ப்ஸ் ஓடினால், ஒரு மணி நேரத்துக்குள் தட்டினால் போதும் என்பதுதான் விதி.

ஆகவே போட்டதும் விழுந்தால் ஷார்ட் இருக்கலாம், அல்லது ஸ்டார்டிங் கரண்டுக்கு டைப் பொருந்தவில்லை. சில நொடி கழித்து விழுந்தால் மோட்டார் சுழலாமல் நின்றபடி இழுக்கிறது. நன்றாக ஓடி, கால் மணி அரை மணி கழித்து விழுந்தால் ஓவர்லோடு, அல்லது எம்.சி.பி.யின் ஸ்க்ரூ லூசாகி அந்த முனையே சூடாகிப் பட்டையைச் சேர்த்துச் சுடுகிறது. இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. மெயினை அணைத்து ஸ்க்ரூவை முறுக்கினாலே சில வீடுகளில் தீர்ந்துவிடும்.

உங்களுடையது நடு வகை. 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 6, 7 ஆம்ப்ஸ் எடுக்கும். சுழலாமல் நின்றால் அதில் ஐந்தாறு மடங்கு, அதாவது 30-க்கு மேல். சாதாரணமாக ஒரு நொடியில் வேகம் பிடித்து இறங்கிவிட வேண்டிய கரண்ட் அது. இறங்காமல் நிற்பதால்தான் 10 ஆம்ப்ஸ் எம்.சி.பி. ஏழெட்டு நொடியில் விழுந்தது. அது உங்கள் காயிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. 16 ஆக்கியதும் அதே 30 ஆம்ப்ஸ் அரை நிமிஷம் காயிலில் ஓடுகிறது, அந்தச் சூட்டைத்தான் கையில் உணர்கிறீர்கள். 32 போட்டால் அந்தக் கரண்டுக்கு எம்.சி.பி. அசையவே அசையாது. காயில் கருகும், உள்ளே போவது 1.5 சதுர மி.மீ. வயர் என்றால் அதன் உறையும் இளகும். எம்.சி.பி. முதலில் வயருக்குத்தான் காவல். வயரைப் பார்க்காமல் அதைப் பெரிதாக்கச் சொல்பவரை இந்த வேலையில் நம்பாதீர்கள்.

ஏன் மாலையில் மட்டும்? வோல்டேஜ். மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-இலிருந்து 190-க்கு இறங்கினால் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டரும் பலவீனமாக இருந்தால் கிளம்பவே முடியாது. விடியற்காலையில் வோல்டேஜ் நன்றாக இருப்பதால் எப்படியோ கிளம்பிவிடுகிறது. என் சந்தேகம் கெபாசிட்டர் மேல்தான்.

ஆனால் அதற்கு முன் ஷாஃப்டைப் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டுப் பின்பக்க ஃபேன் கவரைக் கழற்றினால் ஷாஃப்ட் தெரியும், பலவற்றில் ஸ்க்ரூடிரைவர் வைக்க ஒரு வெட்டு இருக்கும். கையால் சுழற்றுங்கள். சீராகச் சுற்றினால் பேரிங்கும், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரும் நல்லபடி இருக்கின்றன. கரகரவென்று பிடித்தால் அங்கேதான் கோளாறு, கெபாசிட்டர் மாற்றிப் பயனில்லை.

கெபாசிட்டரைத் தொடும் முன் அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு குண்டு பல்பை வைத்து மிச்சமிருக்கும் சார்ஜை இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், தீப்பொறி கண்ணுக்கு நேரே தெறிக்கும். அப்புறம் வயரைக் கழற்றி மீட்டரில் மைக்ரோஃபாரட் பாருங்கள். மேலே அச்சிட்ட எண்ணிலிருந்து 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே 440 வோல்ட். பெரியது போட்டால் நன்றாக இழுக்கும் என்று சிலர் போடுவார்கள், ஸ்டார்டிங் காயில் சூடாகிப் போய்விடும்.

ஃப்ரிட்ஜ் விஷயம் தனி. விழும் அந்த அகலமானதில் 'T' (டெஸ்ட்) என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கிறதா?

ஈரச்சுவர்:

செம்புக்கம்பி அண்ணன் கேட்ட பட்டன் இருந்தால் அது ஆர்.சி.சி.பி. அதிகம் இழுப்பதற்கு அது விழாது. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பாமல் எர்த்துக்குக் கசிந்தால்தான் விழும். 30 மில்லி ஆம்ப்ஸ் என்று போட்டிருந்தாலும் 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம்.

நான் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறேன். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ் என்றால் உள்ளே பனியை உருக்க ஒரு டிஃப்ராஸ்ட் ஹீட்டர் இருக்கும், பல மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அதற்குக் கரண்ட் போகும். அதன் உறை விரிசல் விட்டு ஈரம் புகுந்தால் அந்த நேரத்தில் மட்டும் கசியும். திரும்ப ஏற்றியதும் ஏன் நிற்கிறது என்றால், கரண்ட் போய் வந்ததும் பல போர்டுகள் கணக்கை மறந்து கூலிங்கிலிருந்து ஆரம்பிக்கின்றன. ஃப்ரிட்ஜைப் பார்க்க வருபவரிடம் மெகர் (அதிக வோல்டேஜ் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் மீட்டர்) இருக்கிறதா என்று கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டர் வயரைப் போர்டிலிருந்து கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் 500 வோல்ட் மெகர் வைத்தால் தெரிந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரில் இந்தக் கசிவு பெரும்பாலும் பிடிபடாது.

ஒன்றே ஒன்று. ஃப்ரிட்ஜ் தொல்லை தருகிறது என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்ய யாரையும் விடாதீர்கள். அது உயிருக்குக் காவல்.

தாழ்வாரம்:

இருவருக்கும் நன்றி. ஷாஃப்ட் லேசாகச் சுற்றியது. கெபாசிட்டரில் 25 என்று இருக்கிறது, மீட்டரில் 14 காட்டியது. புதிது போட்டேன். மாலையிலேயே ஒரே உறுமலில் வேகம் பிடித்துவிட்டது. கிளாம்ப் மீட்டரில் 6.4 ஆம்ப்ஸ். 16-ஐ அப்படியே விட்டுவிடலாமா, அண்ணே? ஆர்.சி.சி.பி.யில் அந்தப் பட்டன் இருக்கிறது, ஃப்ரிட்ஜுக்கு மெகரோடு ஆள் வருகிறார்.

செம்புக்கம்பி:

10 சி டைப்பையே திரும்பப் போடுங்கள் தம்பி. 6.4-க்கு அது தாராளம், அடுத்த முறை கெபாசிட்டர் இறங்கினால் அதுதான் முதலில் சொல்லும். ஃப்ரிட்ஜுக்கு வருபவர் மெகர் கொண்டுவருகிறார் அல்லவா, சப்ளையை அணைத்துவிட்டு மோட்டார் காயிலுக்கும் பாடிக்கும் நடுவேயும் ஒருமுறை வைக்கச் சொல்லுங்கள். சூடு கண்ட காயில் அது. 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டாமல் கழற்றிக் காயில் கட்டுபவரிடம் கொடுங்கள். மேலே இருந்தால் கவலையில்லை, ஓட்டுங்கள்.