குளிர்காலத்துல பால் பைதான் பாம்புத் தொட்டில ஈரப்பதம் நிக்க மாட்டேங்குது, சட்டை துண்டு துண்டா வருது

பனிக்காடு:
டொராண்டோல இருக்கேன், ஒன்றரை வயசு பால் பைதான் (ball python, பந்து மாதிரி சுருண்டுக்குற சின்ன மலைப்பாம்பு) ஒண்ணு வளக்குறேன். கோடை முழுக்க ஒரு பிரச்சினையும் இல்ல, வீட்டு ஹீட்டர் ஓட ஆரம்பிச்சதுலேர்ந்து ஈரப்பதம் 35 சதவீதத்துக்கு மேல நிக்க மாட்டேங்குது. காலையிலயும் ராத்திரியும் ஸ்ப்ரே அடிக்கிறேன், உடனே 80க்கு போகுது, ஒரு மணி நேரத்துல பழையபடி இறங்கிடுது. நேத்து சட்டை உரிச்சுது, முழுசா வரல, வால் நுனிலயும் வலது கண்ணு மேலயும் ஒட்டிக்கிட்டு இருக்கு. பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. கண்ணாடித் தொட்டி, மேல வலை மூடி, ஹீட் லாம்ப், கீழ ஆஸ்பென் மரச்சீவல். ஒட்டியிருக்கறத ட்வீசர் வச்சு எடுத்துடலாமா?

புற்றுமண்:
கண்ணுல கைய வைக்காதீங்க ப்ளீஸ்!! பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேல இருக்குற ஒரு செதில்தான் அதுக்குக் காப்பு, பழைய தோல இழுக்கும்போது அதுவும் சேந்து பிஞ்சுட்டா கண்ணே போயிடும். ஈரப்பதத்த சரி பண்ணுங்க, பெரும்பாலும் அடுத்த சட்டையோட அதுவா வந்துடும், அப்பவும் வரலன்னா ஊர்வன பாக்குற டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா வால் நுனிய அப்படி விட முடியாது, காஞ்சு இறுகி ரத்த ஓட்டம் நின்னு நுனி கருகிடும். வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச துண்டுக்குள்ள பாம்ப ஊர விடுங்க, தானா கழண்டுடும்.

இது மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா பாம்பு. அங்க புல்வெளி காஞ்சு கெடந்தாலும் பகல்ல எலி வளைக்குள்ளயும் கரையான் புத்துக்குள்ளயும் இருக்கும், உள்ள காத்து ஈரமா இருக்கும். அதனால தொட்டிக்குள்ளயும் ஒரு புத்து பண்ணிக் குடுங்க, மூடி போட்ட டப்பால ஓட்டை வெட்டி, ஸ்பாக்னம் பாசிய (ஈரத்தப் புடிச்சு வைக்கிற ஒரு பாசி) நனைச்சு நல்லா பிழிஞ்சு போட்டா போதும்.

தாரிணி_எட்மண்டன்:
ஸ்ப்ரே பிரச்சினைக்குக் காரணம் வலை மூடிதான். வெளிய மைனஸ்ல இருக்குற காத்துல நீராவியே கம்மி, அத ஹீட்டர் சூடாக்கி விட்டா வீடே வறண்டு போகுது, லாம்ப் சூட்டுல தொட்டிக்குள்ள இருக்குற ஈரமும் வலை வழியா மேல போயிடுது. எங்க ஊர்லயும் இதே கதைதான். லாம்ப் இருக்குற இடத்தையும் காத்துக்கு கொஞ்சம் இடத்தையும் விட்டுட்டு மிச்ச வலைய அலுமினிய டேப்பால மூடுங்க, பசை உள்பக்கம் தெரியவே கூடாது, பாம்பு மேல ஒட்டிக்கிட்டா தோல் பிஞ்சுடும். லாம்ப் கிட்டயும் ஒட்டாதீங்க.

ஆஸ்பென தூக்கிப் போட்டுடுங்க, ஈரம் பட்டா பூஞ்சை புடிக்கும். தேங்கா நார்த்தூள் 4 இஞ்ச் போட்டு நாலு மூலைலயும் தண்ணி ஊத்துங்க, அடி ஈரமா இருக்கணும் மேல காஞ்சு இருக்கணும். நான் வாரத்துக்கு ஒருதடவதான் ஊத்துறேன், 65 - 70லயே நிக்குது.

மஞ்சள்விரியன்:
மேல ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா பயந்துபோய் சொதசொதன்னு ஆக்கிடாதீங்க. என்னோடதுக்கு முதல் வருஷம் அப்படித்தான் அடிவயித்துச் செதில்லாம் புண்ணாச்சு, இன்னும் தழும்பு இருக்கு. ஈரத்தோட குளிரும் சேந்தா சளி புடிக்கும், வாயத் தொறந்து மூச்சு விட்டாலோ மூக்குல குமிழி வந்தாலோ டாக்டர்கிட்ட ஓடுங்க. சூடான பக்கம் 31 - 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 இருக்கட்டும். முள்ளு வச்ச ஈரப்பத மீட்டர நம்பாதீங்க, டிஜிட்டல் வாங்குங்க. அது சரியா காட்டுதான்னு பாக்க, ஈர உப்பு வச்ச பாட்டில் மூடியோட ஒரு டப்பால போட்டு இறுக்க மூடி ஒரு ராத்திரி வைங்க, 75 காட்டணும்.

பனிக்காடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டேப் ஒட்டி, நார்த்தூள் மாத்தி ஆறு நாள் ஆச்சு, குளிர்ந்த பக்கம் 68, சூடான பக்கம் 60. உப்பு வச்சுப் பாத்தா என் மீட்டர் 69தான் காட்டுச்சு, அதனால நெஜத்துல இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். வால் தோல் துண்டுக்குள்ளயே கழண்டு வந்துடுச்சு. கண்ண தொடல, அடுத்த சட்டைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். பாசி டப்பாவ விட்டு வெளியவே வர மாட்டேங்குறான்.