எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே? பெற்றோர் கூட்டத்தில் தமிழில் சொல்ல வேண்டும், உதவுங்கள்

ரம்புத்தான்_டீச்சர் (பட்டர்வொர்த்)

வணக்கம். பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பிராக்டிக்கம் (ஆசிரியர் பயிற்சி) செய்துகொண்டிருக்கிறேன். மூன்றாம் ஆண்டு, 23 பிள்ளைகள். வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். வழிகாட்டி ஆசிரியை, "நீதான் புதுசா படிச்சிட்டு வந்திருக்க. பிள்ளைங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு பத்து நிமிஷம் பேசும்மா" என்று சொல்லிவிட்டார்.

கல்வி உளவியலை நான் முழுக்க மலாய்மொழியில் படித்தவள். பெனெகுஹான் நெகாதிஃப், பெராஞ்சா, ஜோன் பெர்க்கெம்பாங்கான் ப்ரோக்சிமல், எல்லாம் தேர்வில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். நேற்று இரவு அதையே தமிழில் எழுத உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் வந்தது "மதிப்பிற்குரிய பெற்றோர்களே" மட்டும்.

தேடிப் பார்த்ததில் இவற்றுக்கு முறையே எதிர்மறை வலுவூட்டல், சாரக்கட்டு, அண்மை வளர்ச்சி மண்டலம் என்று சொற்கள் கிடைத்தன. "சாரம்" என்று சொன்னேன், அம்மா "எதோட சாரம்?" என்று கேட்டார். எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே? பிரம்பு என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். அப்படியே சொல்லிவிடலாமா?

---

எல்ஆர்டி_பயணி (கோலாலம்பூர்)

ஆமாம், எதிர்மறை என்றால் கெட்டது, தண்டனைதான். நல்லது செய்தால் மிட்டாய், கெட்டது செய்தால் அடி. இதைச் சொல்லப் பத்து நிமிடம் எதற்கு?

---

பிறை_வாத்தியார் (ஓய்வு)

தம்பி சொன்னது தவறு. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். உளவியலாளர் ஸ்கின்னரே 1938-இல் எழுதிய புத்தகத்தில் அந்தச் சொல்லைத் தண்டனை என்கிற பொருளில்தான் எழுதினார், பிறகு 1953-இல் மாற்றிக்கொண்டார். சொல்லைப் பிரபலமாக்கியவருக்கே ஒரு தடவை இடறிய இடம் இது.

ரம்புத்தான் டீச்சர், அந்த "மறை"யை முதலில் வெட்டிவிடுங்கள். எதிர் வலுவூட்டல் என்றால் போதும். இங்கே நேர், எதிர் என்பவை நல்லது, கெட்டது அல்ல. கூட்டல் குறி, கழித்தல் குறி, அவ்வளவுதான். ஒன்றைக் கொடுத்தீர்களா, இருந்த ஒன்றை எடுத்தீர்களா என்பது முதல் கேள்வி. அதற்குப் பிறகு அந்தப் பழக்கம் கூடியதா, குறைந்ததா என்பது இரண்டாவது. கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. மைவி காரில் ஏறி சீட் பெல்ட் போடாவிட்டால் டிங் டிங் என்று உயிரை வாங்கும். போட்டதும் நின்றுவிடும். அந்தச் சத்தம் போவதற்காகவே நாளைக்கும் போடுகிறோம். தொல்லை போயிற்று, பழக்கம் கூடிற்று. இதுதான் எதிர் வலுவூட்டல்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கும் ஏறவில்லை. ஏறியது ஒரு பையனால். பெயர் வேண்டாம், பள்ளியும் வேண்டாம்.

1991. எனக்கு வேலையில் நாலாவது வருஷம். ஐந்தாம் ஆண்டு கணிதம். வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினால் போதும், பின் வரிசையில் ஒருவன் மரக்கோலால் மேசையைத் தட்டுவான். முதலில் மெதுவாக, பிறகு உறுமி மேளம் கணக்காக. "வெளியே போய் நில்" என்பேன். போய் நிற்பான். தண்டனை கொடுத்துவிட்டேன் என்று நான் பாட்டுக்குப் பாடம் நடத்துவேன். அடுத்த வகுப்பிலும் தட்டுவான். இப்படி இரண்டு மாதம்.

ஒருநாள் சாக்கட்டி தீர்ந்து, எடுத்து வர வெளியே போனேன். வராந்தாக் கோடியில் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி, அதில் கப்பி மீன்கள். பையன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். கால்சட்டைப் பையிலிருந்து நாளிதழில் மடித்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தான். உள்ளே ரொட்டித் தூள். விரல் நுனியில் எடுத்து ஒவ்வொரு சிட்டிகையாகத் தூவுகிறான், மீன்கள் மேலே வந்து கொத்துகின்றன.

எனக்கு உறைத்தது அந்தப் பொட்டலம்தான். ரொட்டித் தூளை வீட்டிலேயே மடித்து எடுத்து வந்திருக்கிறான். அதாவது, இன்றைக்கு வெளியே அனுப்பப்படுவோம் என்று காலையிலேயே தெரியும். கணக்கு வேளைக்கு அவன் திட்டம் போட்டு வந்திருக்கிறான், எனக்குத்தான் திட்டம் இல்லை.

நான் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்கு விடுதலை. வகுத்தல் என்கிற தொல்லை போயிற்று, தட்டுகிற பழக்கம் கூடிற்று. மேலே சொன்ன சீட் பெல்ட் கணக்கேதான். மீன் வேறு உபரி. கொடுப்பவர் மனதில் என்ன நினைத்தார் என்பதை இந்தச் சொல் கேட்பதே இல்லை. வாங்கியவன் நாளைக்கு என்ன செய்கிறான் என்பதைத்தான் பார்க்கும்.

இன்னொன்று எனக்கு உறைக்க மேலும் சில வருஷம் ஆனது. அவன் வெளியே போனதும் வகுப்பு அமைதியாகும். எனக்கு அது எவ்வளவு சுகம்! என் தொல்லை போயிற்று, வெளியே அனுப்புகிற என் பழக்கம் கூடிற்று. இரண்டு மாதம் அவன் என்னைப் பழக்கியிருக்கிறான்.

---

செந்தூல்_மூணு_பிள்ளை_அம்மா

ஐயா, கடைசிப் பத்தி என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கு. கடைசி மகன் கடையில உருண்டு அழுவான், நான் போனைக் கையில கொடுத்துடுவேன், சத்தம் நின்னுடும். அப்ப அவனுக்கு நேர் வலுவூட்டல், எனக்கு எதிர் வலுவூட்டல். சரியா?

இன்னொன்னு. போன வருஷம் ஒரு இடத்துல கைரேகை எடுத்துப் பார்த்துட்டு, மூத்தவன் "பார்த்துக் கற்பவன்", ரெண்டாவது பொண்ணு "கேட்டுக் கற்பவள்"னு வண்ண வண்ணமா ஒரு ஃபைல் கொடுத்தாங்க. காசு எவ்வளவுன்னு கேக்காதீங்க, வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. இதுவும் கல்வி உளவியலா?

---

பிறை_வாத்தியார்

முதல் கேள்விக்கு முழுப் புள்ளி, தங்கச்சி.

இரண்டாவது, அந்த ஃபைலைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம். பிள்ளைகளுக்குப் படமாகவோ பேச்சாகவோ ஒன்று பிடித்திருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் பிடித்த வழியிலேயே சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குச் சரியான சான்று இல்லை என்று 2008-இல் பாஷ்லர் முதலிய நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை எல்லாம் அலசி எழுதினார்கள். கைரேகை அதைவிட மோசம், அது சோதிடத்தோடு சேரும். மலேசியா எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க எல்லாப் பிள்ளைக்கும் வரைபடம் வேண்டும், பாட்டுக்கு எல்லாப் பிள்ளைக்கும் காது வேண்டும். பாடம்தான் வழியைத் தீர்மானிக்கிறது.

---

ரம்புத்தான்_டீச்சர்

ஐயா, மூன்று தடவை படித்தேன். மீன் பையன் பிறகு என்ன ஆனான்?

எனக்கும் ஒரு குளறுபடி நடந்தது. மலாய்க் கதைப்புத்தக மூலையில் என் வகுப்பில் ஆறேழு பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் தாங்களாகவே படிப்பார்கள். நான் உற்சாகமாகி, ஒரு புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் என்று அட்டவணை ஒட்டினேன். இரண்டு வாரம் ஒரே கூட்டம். நட்சத்திர ஒட்டி தீர்ந்தது, நானும் வாங்கவில்லை. இப்போது அந்த ஆறேழு பேரும்கூட வருவதில்லை. "டீச்சர், ஸ்டார் இல்லையா?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

---

பிறை_வாத்தியார்

இதற்கு 1973-லேயே ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர். பாலர் பள்ளியில் வண்ண மார்க்கர் பேனாவால் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, முன்கூட்டியே பேரம் பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. உள்ளிருந்து வருவதை அக ஊக்கம் என்றும் வெளியிலிருந்து வருவதைப் புற ஊக்கம் என்றும் சொல்கிறோம். ஏற்கனவே உள்ளே எரிகிற அடுப்புக்குக் கூலி பேசினால் அது கூலி வேலையாகிவிடும். நட்சத்திரத்தை, புத்தகத்தையே தொடாத பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஆறேழு பேரிடம் "அந்த முதலை கடைசியில என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மீன் பையன்: அவனுக்கு ஏழாம், எட்டாம் வாய்பாடு தெரியாது, அதுதான் மேசைத் தட்டலின் மூலம். "ரெண்டு கணக்கு முடிச்சா மீனுக்கு நீதான் ரொட்டி போடணும்" என்றேன். சோறு தீர்ந்தால்தான் அப்பளம் என்று பாட்டி சொல்வதை உளவியலில் பிரீமாக் விதி என்பார்கள். முதலில் மீதி வராத கணக்கு. வாய்பாட்டை ஒரு துண்டு அட்டையில் எழுதி அவன் மேசையில் ஒட்டினேன். மூன்றாவது வாரம் அட்டையின் பாதியைக் கிழித்தேன். பிறகு மீதியையும்.

இப்போது உங்கள் "சாரம்" புரிந்திருக்கும். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூசச் சாரம் கட்டுகிறார்கள் அல்லவா? குடமுழுக்கு அன்றைக்கும் அது நின்றால் கோபுரத்தை யார் பார்ப்பது? டியூஷன் ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியும் சொல்லிக்கொடுத்து வருஷம் முழுக்க ஓட்டுவது சாரம் அல்ல, முட்டு. இந்தச் சொல்லை சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் 1934-இலேயே காலமாகிவிட்டார். இது 1976-இல் உட், புரூனர், ராஸ் எழுதிய கட்டுரையில் வந்தது. சின்னப் பிள்ளைகள் மரக்கட்டைகளால் பிரமிடு கட்டும்போது, உடன் இருக்கும் பெரியவர் எப்போது கை கொடுக்கிறார், எப்போது எடுக்கிறார் என்று பார்த்தார்கள்.

வைகாட்ஸ்கியின் சொந்தச் சரக்கு அண்மை வளர்ச்சி மண்டலம். மேடையில் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள், பின் வரிசை எழுந்து கேண்டினுக்குப் போய்விடும். "கை கொடுத்தால் எட்டும் தூரம்" என்று சொல்லுங்கள். அவர் காட்டிய உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு பிள்ளைகள், தனியாகச் செய்தால் இருவரும் எட்டு வயது மட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் துப்புக் கொடுத்தால் ஒருவன் ஒன்பது வயதுக்கான கணக்கு வரை போகிறான், இன்னொருவன் பன்னிரண்டு வரை போகிறான். இருவரும் ஒன்றா? ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது 2021-இல், இன்னும் பெற்றோர் "எத்தனை ஏ?" என்ற நினைப்பில்தான் இருக்கிறார்கள். பிபிடி (வகுப்பறை மதிப்பீடு) அறிக்கையில் இரண்டு பிள்ளைக்கும் தஹாப் 3, அதாவது மூன்றாம் நிலை, என்று இருந்தால் இரண்டு பேரும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எட்டு வயதுக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் கட்டாயம் பேச வேண்டிய ஒன்று, "அவனுக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு. நம் மொழியில் கணக்கு விருந்தாளி மாதிரி, சிலர் வீட்டுக்கு வரும், சிலர் வீட்டுக்கு வராது. "அவங்க அப்பாவுக்கும் வராது" என்று பரம்பரையும் சேர்ந்துகொள்ளும். காரணத்தை மாற்ற முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் பிள்ளை ஏன் முயற்சி செய்ய வேண்டும்? வெய்னர் என்ற உளவியலாளர் காரணம் கற்பித்தல் பற்றிச் சொன்னதன் சுருக்கம் இதுதான். பண்டூரா 1977-இல் எழுதிய சுயதிறன் நம்பிக்கையும் இதற்குப் பக்கத்து வீடு. அது பொதுவான தன்னம்பிக்கை அல்ல. பேச்சுப் போட்டியில் மைக்கை விடாத பெண், பின்னத்தைக் கண்டால் கழிப்பறைக்கு அனுமதி கேட்பாள். ஒரு வேலையில் "இது என்னால் முடியும்" என்பது பெரும்பாலும் அந்த வேலையை ஒரு தடவை முடித்த அனுபவத்திலிருந்துதான் வரும், பாராட்டிலிருந்து அல்ல. என் பையனுக்கு மீதி வராத கணக்கை முதலில் கொடுத்தது அதற்காக.

---

ரம்புத்தான்_டீச்சர்

நன்றி ஐயா. நேற்று மாமாக் உணவுக் கடையில் அக்கா மகனிடம், பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயையும் சோதித்துவிட்டேன். ஐந்து வயது. புங்குஸ் (பொட்டலம்) கட்டின தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட தேநீர், இரண்டு வாங்கி, இரண்டு ஒரே மாதிரி குவளையில் ஊற்றி "ரெண்டும் ஒண்ணா?" என்றேன். "ஒண்ணு" என்றான். அவன் கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான உயரக் கண்ணாடிக்கு மாற்றினேன். "அதுலதான் நிறைய!" என்று அதைப் பிடுங்கிக்கொண்டான். திரும்பக் குவளைக்கு ஊற்றினால் "ஒண்ணு". மறுபடி மாற்றினால் "நிறைய". நாலு தடவை. கடைக்கார அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

---

பிறை_வாத்தியார்

சனிக்கிழமை இதிலிருந்தே தொடங்குங்கள். ஒரு ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையையும் ஒரு நான்காம் ஆண்டுப் பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிட்டு, தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள். பெரியவன் "ஊத்தினா கூடுமா டீச்சர்?" என்று சிரிப்பான். சின்னது ஏமாறலாம், ஏமாறாமலும் போகலாம், வயது எல்லை ஒன்றும் கத்திவெட்டு அல்ல. அளவு மாறாமை என்ற பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

---

செந்தூல்_மூணு_பிள்ளை_அம்மா

டீச்சர், சாரம்னு மொட்டையா சொல்லாதீங்க, கோபுரத்துச் சாரம்னு சொல்லுங்க. எங்க பக்கத்து வீட்டு பாய் அண்ணன் கைலியைத்தான் சாரம்பார்.