செம்பின் மேல் தனி மூலக்கூறை விட ஜோடி வேகமாக ஓடுவது எப்படி?

கயல்_இயற்பியல்:
எம்.எஸ்சி. செமினாருக்கு 2008-ல் நானோ லெட்டர்ஸ் இதழில் வந்த கட்டுரை ஒன்றை எடுத்திருக்கிறேன். செம்புப் படிகத்தின் 111 முகத்தில் (படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டினால் கிடைக்கும் பரப்பு) டெட்ராபிரிடில் போர்ஃபிரின் என்ற, நான்கு பிரிடில் முனைகள் கொண்ட கரிம மூலக்கூறைப் படியவைத்து, 300 முதல் 360 கெல்வின் வரை வைத்து எஸ்.டி.எம்.மில் (ஊசிமுனையால் தளத்தை வருடி அணு அளவில் படம் எடுக்கும் நுண்ணோக்கி) வரிசையாகப் படம் பிடித்திருக்கிறார்கள். தனி மூலக்கூறு ஒரே கோட்டில் மெதுவாக நகர்கிறது. இரண்டு சேர்ந்து ஜோடியானதும் அதே கோட்டில் வேகம் எகிறுகிறது! பாரம் ஏறினால் வண்டி மெதுவாகத்தானே போகும்? யாராவது விளக்குங்களேன்.

ஊசிமுனை:
அருமையான கட்டுரை, கயல். வருஷக்கணக்காக எஸ்.டி.எம். முன்னால் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பாரத்தை மறந்துவிடுங்கள். மூலக்கூறு தளத்தில் ஆற்றல் குறைவான ஓர் இடத்தில், அதாவது ஒரு குழியில், அதிர்ந்துகொண்டே இருக்கும். போதுமான வெப்ப ஆற்றல் கிடைக்கும்போது அடுத்த குழிக்குத் தாவும். நடுவில் இருக்கும் ஆற்றல் தடை எவ்வளவு உயரம் என்பதுதான் விஷயம். வினாடிக்கு 10 லட்சம் கோடி முயற்சி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 300 கெல்வினில் தடை 0.9 எலக்ட்ரான் வோல்ட் என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தாவல்தான். 0.8 என்றால் மூன்று வினாடிக்குள் ஒன்று. வெறும் 0.1 குறைந்ததற்கு ஏறக்குறைய ஐம்பது மடங்கு! நிறையால் வரும் மாற்றம் இதன் முன்னால் சொற்பம்.

சரி, ஜோடிக்கு ஏன் தடை குறைகிறது? தனி மூலக்கூறு பிரிடில் முனைகளின் நைட்ரஜனால் செம்பைப் பற்றியிருக்கிறது. அந்தச் சூட்டில் படி விளிம்புகளிலிருந்து (தளத்தில் ஓர் அணு அடுக்கு முடியும் ஓரங்கள்) செம்பு அணுக்கள் கழன்று தளமெங்கும் அலையும்; ஓடுகிற வேகத்தில் படத்தில் அகப்படாது. ஜோடியை இணைப்பது அப்படி அலையும் செம்புதான். முனைகள் அதைப் பிடிக்கும்போது கீழே உள்ள பிடி தளர்கிறது என்பது என் புரிதல். உலோகமும் கரிமமும் சேர்ந்த கொத்து மொத்தமாக நகர்கிறது.

மதுரை_கெமிஸ்ட்:
ஊசிமுனை சார், ஒரு சேர்க்கை. எப்போதும் பக்கத்துக் குழிக்குத்தான் தாவும் என்றில்லை. 2002-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் குழு செம்பின் இன்னொரு முகமான 110-ல் டெக்காசைக்ளீன் என்ற பெரிய கரிம மூலக்கூறை ஆராய்ந்தது. தாவல் நீளத்தின் ஆர்.எம்.எஸ். மதிப்பு (நீளங்களின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) 3.9 அணு இடைவெளி. அதே மூலக்கூறில் பருமனான ஆறு டெர்ட்-பியூட்டைல் தொகுதிகளைப் பொருத்தியதும் 6.8! அவை நடுப்பகுதியைத் தளத்திலிருந்து சற்றுத் தூக்கிவிடுகின்றன.

கயல்_இயற்பியல்:
இருவருக்கும் நன்றி! அப்புறம், ஊசியே மூலக்கூறைத் தள்ளியிருக்கலாம் என்று யாராவது கேட்டால்?

ஊசிமுனை:
கண்டிப்பாகக் கேட்பார்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், ஸ்கேன் திசை மூன்றையும் மாற்றிப் பார்க்க வேண்டும். நகர்வு ஸ்கேன் திசையோடு திரும்பினால் ஊசியின் வேலை. தாவல் வீதம் வெப்பநிலைக்கு மட்டும் பதில் சொன்னால் நிஜமான பரவல். டிரிஃப்டையும் (மாதிரியும் ஊசியும் மெல்ல விலகுவதால் படம் முழுவதும் நகர்வது) கழியுங்கள்: தளத்தில் நகராத ஒரு படிகக் குறையை அடையாளமாக வைத்து ஒவ்வொரு படத்தையும் அதோடு பொருத்துங்கள். அதைச் செய்யாமல் அர்ஹீனியஸ் வரைபடம் (தாவல் வீதம் வெப்பநிலையோடு மாறுவதிலிருந்து தடையைக் கணக்கிடும் வரைபடம்) போடாதீர்கள்.