வீட்டில் வாயாடி, அங்கன்வாடியில் ஊமை: மூன்றரை வயதுத் தெலுங்குக் குழந்தைக்கு என்ன செய்யலாம்?

அரூர்க்காரி (கேள்வி)

ஓசூர் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். பிறந்த ஊர் அரூர், வாக்கப்பட்டது இங்கே. மையத்தில் 18 பிள்ளைகள். பத்துப் பேர் வீட்டில் தெலுங்கு, நாலு பேர் வீட்டில் கன்னடம், கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு. தமிழ் பேசுகிற வீடு மிச்சம் இரண்டுதான். எனக்குத் தெலுங்கு காதில் விழுந்தால் பாதி புரியும், பேச வராது.

இதில் ஒரு பெண் குழந்தை, மூன்றரை வயது. சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு நேரத்தில் கை தட்டுவாள், உதடு அசையாது. அம்மாவைக் கேட்டால், "வீட்ல வாயே மூட மாட்டா டீச்சர்" என்கிறார்.

போன வாரம் முட்டை போட்ட நாளில்தான் முதல்முறையாக வாய் திறந்தாள். தட்டோடு வந்து என் புடவையை இழுத்து, "குட்டு" என்றாள். கண் கலங்கியிருந்தது. யாரோ மண்டையில் குட்டிவிட்டான் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பையனை அதட்டிவிட்டேன். அவன் அழ, இவளும் அழ, ஆயா கரண்டியோடு ஓடி வந்து, "குட்டுன்னா முட்டை டீச்சர்! அவ தட்டுல முட்டை விழல" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது அம்மாவுக்குப் பயம். "ஒண்ணாங்கிளாஸ்ல தமிழ் கட்டாயமாமே, இனிமே வீட்லயும் தமிழே பேசட்டுமா?" என்கிறார். அவருக்குத் தெரிந்த தமிழ் கடைக்குப் போய்வரத்தான் போதும். இது பேச்சுத் தாமதமா? அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

ஓய்வுபெற்ற வாத்தியார், வேப்பனப்பள்ளி

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: தெலுங்கை நிறுத்த வேண்டாம். அரைகுறைத் தமிழில் அம்மா பேசினால், குழந்தைக்குத் தமிழும் நிறைவாகக் கிடைக்காது, இருக்கிற தெலுங்கும் வற்றிவிடும். கதை, கேள்வி, கோபம், கொஞ்சல் எல்லாம் அம்மாவுக்கு எந்த மொழியில் தாராளமாக வருகிறதோ அதில்தான் குழந்தைக்குப் பேச்சு வளரும். தமிழ் அதன் மேல் வந்து உட்காரும். 2006-ல் வந்த சட்டப்படி ஒண்ணாம் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயம் என்பது சரிதான். ஆனால் அதற்கு இவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

புது மொழிக்குள் வந்த குழந்தை சில வாரம், சில சமயம் சில மாதம்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது கூச்சம் மட்டும் இல்லை, சேகரிப்பும்தான். தாமதமா என்று பார்க்கத் தெலுங்கில் பாருங்கள். இரண்டு மொழியிலும் தடுமாறினால்தான் கவலை. அம்மா சொல்வதை மட்டும் நம்பாமல், வீட்டில் பேசுவதை செல்போனில் பதிவு செய்து வரச்சொல்லி ஆயாவிடம் போட்டுக் காட்டுங்கள். மூன்று நாலு வார்த்தை சேர்த்துப் பேசுகிறாளா, வெளி ஆளுக்குப் புரிகிறதா என்று அவர் சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் காதையும் சோதிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்து டாக்டர்கள் அங்கன்வாடிக்கு வருவார்களே, அவர்களிடம் காட்டுங்கள்.

அப்புறம், கண்ணு, மூக்கு, காலு, ரெண்டு. இந்த வார்த்தைகளெல்லாம் மூன்று மொழியிலும் ஒன்றுதான், அல்லது பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

தளி ரோடு

நானே அந்தக் குழந்தைதான், முப்பது வருஷத்துக்கு முன்னால். டீச்சர் "டப்பாவை மூடு" என்றார். தெலுங்கில் மூடு என்றால் மூணு. நான் அலமாரியில் இருந்து இன்னும் இரண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வருஷம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அதனால் ஒன்றே ஒன்று: அவள் தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிள்ளை அம்மா

எனக்கு ஒரு சந்தேகம். ஆயா கூடவே இருந்து எல்லாவற்றையும் தெலுங்கில் சொல்லிவிட்டால், குழந்தை தமிழை எதற்குக் கவனிக்கும்? என் பையன் மையத்தில் அதுதான் நடந்தது. தெலுங்கு வரட்டும் என்று காதைப் பொத்தாத குறையாக உட்கார்ந்திருப்பான்.

ஓய்வுபெற்ற வாத்தியார், வேப்பனப்பள்ளி

நியாயமான கேள்வி அம்மா. வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். நான் செய்தது வேறு. திங்கட்கிழமை நரி கதையைத் தெலுங்கில் மட்டும், படம் காட்டி. செவ்வாய் அதே கதை, அதே படம், தமிழில் மட்டும். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் பிள்ளை பயப்படாமல் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும். பசி, வலி, உச்சா இந்த மூன்றுக்கு மட்டும் எந்த நேரமும் எந்த மொழியும் செல்லும். அதில் பாடம் நடத்தக் கூடாது.

அரூர்க்காரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதிவைக் கேட்டோம். பூனை பாலைக் கொட்டிய கதையை மூச்சு விடாமல் சொல்கிறாள், ஆயாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிகிறது. அம்மாவுக்கும் நிம்மதி, வீட்டில் பழையபடி தெலுங்குதான். அடுப்புப் பற்றவைக்கும் முன் பத்து நிமிஷம் ஆயா கதை சொல்கிறார், மறுநாள் அதே கதை நான். ஒடிசாப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. அவர்கள் அம்மாவிடம் தண்ணீருக்கு "பாணி" என்று ஒரு வார்த்தை கற்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று முட்டையைத் தூக்கிக் காட்டி, நானாகவே "குட்டு" என்றேன். அவள் என்னைத் திருத்தினாள்: "குட்டு காது டீச்சர், முட்டை!" காது என்றால் தெலுங்கில் 'இல்லை' என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு என்னிடம் திட்டு வாங்கிய பையனுக்குத் தெரியாது. அவன் தமிழ் வீட்டுப் பிள்ளை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.